தூர்மர் வீட்டு ஆக்கள்

ரொறன்ரோ
14.01.1996

அன்புள்ள மகள் செரீனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். மாதாவின் தயவில் மூச்சு ஒழுங்காகப் போய்வருகிறது. முழங்கால் மட்டும் பனியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் செலீன் சின்னம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நத்தாருக்கு நீ அனுப்பிய படத்தில், குறடும் கையுமாக உனக்குப் பக்கத்தில் ஒரு நெடுவல் வெள்ளைக்காரப் பெடியன் நின்றானே, அவனை நான் குழாய் திருத்த வந்தவன் என்று நினைத்துவிட்டேன். நினைத்ததோடு நின்றேனா? படத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோய், "பாருங்கோ, ஜேர்மனியிலை குழாய் திருத்திறவனும் சிரிச்சுக்கொண்டு நிக்கிறான். எங்கட பில்டிங்கிலை ஆளைக் கூப்பிட்டால் வர மூண்டு கிழமை" என்று பூசை முடிந்து வந்த சனத்துக்கெல்லாம் காட்டினேன். பிறகுதான் உன் கடிதம் வந்தது. என்னோடு ஒரே அப்பார்ட்மென்ரில் இருக்கும் எங்கள் ஊர் அமிர்தநாதர் இருக்கிறாரே, அந்த மனுசன் எலிவேற்றர் நிறையச் சனம் நிற்கும்போது, "என்ன கஸ்பர், குழாய்க்காரன் மருமோனாம்?" என்று கேட்டார். பதினொரு மாடிக்கும் நான் எலிவேற்றர் இலக்கங்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெடியன் நல்லவன் என்கிறாய். நம்புகிறேன். என் சம்மதம் இல்லாமல் நாள் குறிக்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மூன்று தரம் வாசித்தேன். ஆனால் கலியாணம் என்றால் விசாரிக்க வேண்டும்தானே? எங்கள் பக்கம் என்றால் பஸ் ஏறிப் போய்ச் சந்திக் கடையில் ஒரு தேத்தண்ணி குடித்தால் போதும், மூன்று தலைமுறையும் வெளியே வந்துவிடும். ஜேர்மனியில் நான் எந்தச் சந்திக் கடைக்குப் போவேன்? மார்ட்டின் தூர்மர் என்கிறாய். தூர்மர் என்றால் ஆர் ஆக்கள்? என்ன தொழில்? கேட்டு எழுது. எட்டாம் வகுப்போடு நின்ற தகப்பனுக்கு இந்த ஒரு விசாரணையாவது மிஞ்சட்டும்.

முத்தங்களுடன்,
அப்பா


டோர்ட்முண்ட்
04.02.1996

என் அன்பு அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். முழங்காலுக்கு எண்ணெய் அனுப்புகிறேன். என் தமிழ் எழுத்து வரவர நடுங்குகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்ட்டின் அன்று குழாய் திருத்தத்தான் வந்தவன், அப்பா. திருத்தத் தெரியாமல் வீடு முழுக்கத் தண்ணீர். ஆகவே நீங்கள் சொன்னதில் பாதி சரி.

பெயரைப் பற்றிக் கேட்டேன். இங்கே பாதிச் சனத்துக்கு முப்பாட்டன் செய்த தொழில்தான் பெயர். முல்லர் என்றால் மா அரைத்தவர். ஷ்மிட் என்றால் கொல்லர். தூர்மர் என்றால் கோபுரத்தில் இருந்தவர். முந்திய காலத்தில் ஊர்க்கோயில் கோபுரத்தின் உச்சியில் ஒரு சின்ன அறை இருக்குமாம். அதில் ஒரு குடும்பமே குடியிருக்குமாம். மாவையும் விறகையும் கயிற்றில் கட்டி மேலே இழுப்பார்களாம். தீ பிடிக்கிறதா, படை வருகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. கண்டால் கொம்பு ஊத வேண்டும், மணி அடிக்க வேண்டும். தீ எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தில் பகலென்றால் சிவப்புக் கொடி, இரவென்றால் விளக்கு. ஒன்றுமே நடக்காவிட்டாலும் மணிக்கு ஒரு தரம் ஊத வேண்டுமாம், நித்திரை கொள்ளவில்லை என்று ஊருக்குக் காட்ட.

இனிச் சொல்வதற்குக் கோபிக்கக்கூடாது. பல ஊர்களில் கோபுரக்காரரைச் சவக்குழி வெட்டுகிறவரோடும் தூக்குப் போடுகிறவரோடும் சேர்த்து ஒதுக்கித்தான் வைத்திருந்தார்களாம். அவர்களின் பிள்ளைகளை மற்றத் தொழில்காரர் தங்கள் தொழிலுக்குள் சேர்க்கமாட்டார்களாம். மார்ட்டின் இதைச் சிரித்துக்கொண்டு சொன்னான். நான் எங்கள் ஊரை நினைத்தேன், சிரிப்பு வரவில்லை.

உங்களைப் பற்றியும் சொன்னேன். பிரச்சினைக் காலத்தில் எங்கள் தீவில் ஆம்பிளைகள் முறை வைத்து மணிக்கோபுரத்தில் இருந்து கடலைப் பார்த்தது, படைக்காரரின் நாலு படகு வந்த அன்று உங்கள் முறையாக இருந்தது, மணிக்கயிறு அறுந்துபோனது, சத்தம் கேட்காமல் அம்மாவும் மற்றப் பத்துப் பேரும் துறையடியிலேயே நின்று செத்துப்போனது. எல்லாம் சொன்னேன். மார்ட்டின் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் அப்பாவும் ஒரு தூர்மர்தான்" என்றான்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
செரீனா


ரொறன்ரோ
25.02.1996

அன்பு மகளுக்கு,

எண்ணெய் வந்தது. வீடு முழுக்க ஆஸ்பத்திரி மணம். அமிர்தநாதர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு படுக்கிறார். மற்றபடி சுகம். நீங்களும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன்.

இங்கே ஒரு புதினம். எங்கள் பில்டிங் வாசலில் ஆட்களின் பெயர்ப் பலகை இருக்கிறது. ஏழு வருடமாக அதைத் தாண்டிப் போய்வருகிறேன். உன் கடிதம் வந்த பிறகு சும்மா நின்று பார்த்தால், பதினேழாம் மாடி, ஓ. தூர்மர்! நீ கவருக்குப் பின்னால் எழுதியிருந்த அதே ஜேர்மன் எழுத்துகள். ஒரு எழுத்தின் தலையில் இரண்டு எறும்பு இருக்கிற மாதிரிப் புள்ளி. சந்திக் கடை என் வீட்டுக்கு மேலேயே இருந்திருக்கிறது!

வெறுங்கையோடு விசாரிக்கப் போகலாமா? பார்லிமென்ற் வீதியில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர் எண்பது தாண்டிய கிழவர். வாழைப்பழத்தைப் பார்த்து, "வேண்டாம், நான் வாங்குவதில்லை" என்று சாத்தப் பார்த்தார். நான் கதவுக்குள் காலை வைத்துக்கொண்டு என்னுடைய இங்கிலீசில், "உங்கள் சாதிசனம் ஒருவர் என் மகளைக் கேட்கிறார். நீங்கள் என்ன ஆக்கள்?" என்றேன். அது அவருக்கு எப்படி விளங்கியதோ தெரியாது. கதவை அகலத் திறந்தார்.

மூலை வீடு. மேற்கே ஒரு யன்னல், தெற்கே ஒரு யன்னல். வீட்டில் தளபாடம் என்று சொல்ல ஒரு நாற்காலி. அதிலிருந்து திரும்பினால் இரண்டு பக்கமும் தெரியும். தெற்கே ஏரி முழுக்கத் தெரிகிறது. நீ எழுதிய கதையை அவரும் சொன்னார், எழுத்துக்கு எழுத்து. "நாங்கள் பார்க்கிற ஆக்கள்" என்றார்.

நாலு மணி ஆனதும் மனுசன் எழும்பிப் போய், ஒரு கரண்டியால் சுடுதண்ணிக் குழாயில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வந்து இருந்தார். அது எனக்குத் தெரிந்த சத்தம், பிள்ளை. ஏழு வருடமாக எங்கள் குழாயில் மணிக்கு ஒரு தரம் அந்தச் சத்தம் கேட்கிறது. குழாய் பழுது என்று நான் மனேச்சரிடம் பன்னிரண்டு தரம் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்.

"ஆருக்குத் தட்டுறியள்?" என்று கேட்டேன்.

"முழித்திருக்கிறவர்களுக்கு" என்றார்.

பிறகு, "உங்கள் தொழில்?" என்று கேட்டார். "வள்ளம், மீன். கொஞ்சம் கோயில் வேலை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

முத்தங்களுடன்,
அப்பா


ரொறன்ரோ
17.03.1996

அன்பு மகளுக்கு,

உன் பதில் வருமுன்னே எழுதுகிறேன். சுகம். இருமல் கொஞ்சம்.

போன புதன் கிழவரிடம் போனபோது மேற்கு யன்னல் கம்பியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. "தோய்ச்சுக் காயப் போட்டிருக்கோ?" என்றேன். "இல்லை" என்றார். நானும் வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு வந்தேன். வர வர நான் கொண்டுபோவதை நானே தின்கிறேன்.

வியாழன் காலை மேற்கே முன்பில்டிங்கில் பன்னிரண்டாம் மாடிக் குசினியில் தீ. நாலு தீயணைப்பு வண்டி. நல்ல காலம், ஒருவருக்கும் ஒன்றுமில்லை. நானும் அமிர்தநாதரும் கீழே நின்று புதினம் பார்த்தோம். நான் மெல்ல நிமிர்ந்து பார்த்தேன். பதினேழாம் மாடியில் மேற்கு யன்னலில் துணி இல்லை, அவிழ்த்தாயிற்று.

அமிர்தநாதருக்குச் சொன்னேன். "கஸ்பர், நீர் சம்பந்தம் விசாரிக்கப் போனீரோ, சாத்திரம் கேக்கப் போனீரோ?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடிய ஐந்து மணி ஆனது. குழாய் தட்டியது.

முத்தங்களுடன்,
அப்பா


டோர்ட்முண்ட்
31.03.1996

என் அன்பு அப்பாவுக்கு,

இருமலுக்குச் சுடுதண்ணீர் குடியுங்கள். நாங்கள் சுகம்.

மார்ட்டினின் அப்பாவிடம் கேட்டோம். கனடாவில் அவர்களுக்குச் சொந்தம் என்று ஒருவரும் இல்லையாம். ஆனால் குழாயில் தட்டுகிறார் என்று சொன்னதும் அவர் முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது.

பழைய கடதாசி ஒன்று காட்டினார். அவர்களின் ஊர் ஒரு காலத்தில் எரிந்ததாம். பகல் வேளை. கோபுரத்தில் தூர்மர் இருந்தானாம், கொம்பு மட்டும் ஊதவில்லையாம். ஏன் என்று ஊர்ச்சபை கேட்டபோது, கொம்பு வெடித்துவிட்டது, சத்தம் வரவில்லை என்று சொன்னானாம். அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் ஊர் ஊராய்ப் போய்விட்டதாம்.

எனக்கு உடனே உங்கள் ஞாபகம். பாவம், ஒருவருக்குக் கொம்பு வெடித்தது, ஒருவருக்குக் கயிறு அறுந்தது.

செப்ரெம்பர் ஏழு என்று யோசிக்கிறோம். மே மாதத்துக்குள் கோயிலில் சொல்ல வேண்டும். இப்போது உங்களுக்கு ஆர் ஆக்கள் என்று தெரியும். ஓமா, இல்லையா, அப்பா?

அன்புடன்,
செரீனா


டோர்ட்முண்ட்
19.05.1996

அப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? ஏழு கிழமையாக ஒரு வரி இல்லை. போன் எடுத்தால் அமிர்தநாதர் அங்கிள், "மேலை போயிட்டார், பிள்ளை" என்கிறார். எங்கே மேலே?

ஒதுக்கி வைத்த ஆக்கள் என்றுதான் மௌனமா? அப்படியென்றால் அதையாவது எழுதுங்கள்.

செரீனா


ரொறன்ரோ
09.06.1996

என் செல்ல மகளுக்கு,

எழுதாதது என் பிழை. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ சுகமாக இரு, கோபமாகவும் இரு, இரண்டுக்கும் உனக்கு உரிமை உண்டு.

ஓம். என் முழுச் சம்மதம். அந்த ஆக்களில் ஒரு குறையும் இல்லை. குறை பிடிக்கிற தகுதியும் எனக்கில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். பெரிய வியாழனன்று கிழவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகும்போது வீட்டுத் திறப்பை என் கையில் தந்து, "காலையில் இருங்கள்" என்றார். எனக்கு வேலை பின்னேரம்தான். சரி, ஒரு வருத்தக்காரனின் ஆசை என்று ஒன்பது மணிக்குப் போய் நாற்காலியில் இருந்தேன். சம்பளமில்லாத காவல்காரன். கரண்டியையும் எடுத்து மணிக்கு மணி தட்டினேன். கீழே அமிர்தநாதர், "கிழவன் ஆஸ்பத்திரியிலை, ஆரடா தட்டுறது?" என்று பயந்து செபமாலையை எடுத்தாராம். அதுவரைக்கும் எல்லாம் பகிடிதான்.

பதினொன்று பத்துக்கு ஏரியில் நாலு படகு கண்டேன். ஏப்ரல் மாதம், பனி முழுதாக விட்டுப்போகவில்லை, ஒருவரும் படகு இறக்கவில்லை. கண்ணாடி போடாமல் வந்த பிழை என்று நினைத்தேன். அடுத்த நாள் கண்ணாடி போட்டுக்கொண்டு இருந்தேன். பதினொன்று பத்து. நாலு. மூன்றாம் நாள் அமிர்தநாதரைக் கூட்டிக்கொண்டு போனேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "தண்ணிதான் கிடக்கு, கஸ்பர். வாரும், சாப்பிடுவம்" என்றார்.

தெற்கு யன்னல் கம்பியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அவிழ்த்துக் குசினி லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். விடிய வந்தால் கட்டியிருக்கிறது. திறப்பு என்னிடம் மட்டும்தான். திரும்ப அவிழ்த்தேன், திரும்பக் கட்டியிருந்தது. பிறகு முடிச்சைக் கிட்டப்போய்ப் பார்த்தேன். வள்ளக் கயிற்றுக்கு எங்கள் தீவில் போடுகிற முடிச்சு. இந்தப் பில்டிங்கில் அதைப் போடத் தெரிந்த ஆக்கள் நானும் அமிர்தநாதரும்தான், அவரிடம் திறப்பு இல்லை.

கலியாணத்துக்கு வரப் பார்க்கிறேன். ஆனால் முழங்கால், லீவு, கடதாசிகள், நீ பார்த்து நடத்து.

முத்தங்களுடன்,
அப்பா


டோர்ட்முண்ட்
30.06.1996

என் அன்பான அப்பாவுக்கு,

கடிதத்தை வாசித்து நானும் செலீன் சின்னம்மாவும் கட்டிப்பிடித்து அழுதோம். தயவுசெய்து அந்த நாற்காலியில் இனி இருக்காதீர்கள். தனியே இருந்து இருந்து கண் ஏமாற்றுகிறது. டொக்டரிடம் போங்கள்.

முழங்கால் கதை எனக்கு வேண்டாம். நீங்கள் வரவேண்டும். இங்கே கோயிலில் ஒரு பழைய மணிக்கோபுரம் இருக்கிறது. மார்ட்டின் சுவாமியாரிடம் கேட்டு அனுமதி வாங்கிவிட்டான். நான் கோயிலுக்குள் போகும்போது மணி அடிக்கப்போவது நீங்கள்தான். அன்று விட்டுப்போன மணி, அப்பா. புதுக் கயிறு, நானே இழுத்துப் பார்த்தேன்.

இன்னொன்று. அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கலியாணத்துக்கு முன் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் சேர்க்கமாட்டார்கள். போன சனிக்கிழமை மார்ட்டினின் அப்பா என்னைக் குசினிக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "கொம்பு வெடிக்கவில்லை" என்றார். அவ்வளவுதான். அந்தக் கோபுரக்காரன் தீயைக் கண்டானாம். கொம்பு கையில் இருந்ததாம். ஊதாமல் இறங்கி ஓடினானாம். ஏன் ஓடினான் என்று அவர்களுக்கும் தெரியாது. இருநூறு வருடமாக ஒருவர் மாறி ஒருவர் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லி வருகிறார்கள்.

பிறகு என்னிடம், "உங்கள் பக்கம் எங்களுக்குச் சொல்ல ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சரிதானே அப்பா?

இதைக் கேட்கத்தான் ஞாயிறு போன் எடுத்தேன். நீங்கள் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டீர்கள்.

அன்பு முத்தங்களுடன்,
செரீனா


ரொறன்ரோ
21.07.1996

என் மகள் செரீனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். சுகத்தைப் பிறகு பார்ப்போம்.

கிழவர் ஒன்பதாம் திகதி போய்விட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். தாதி வந்து நீங்கள் சொந்தமா என்று கேட்டாள். ஓம் என்றேன். என் நிறத்தையும் அவர் நிறத்தையும் பார்த்துவிட்டு, பாவம், கடதாசியில் எதையோ எழுதிக்கொண்டு போனாள்.

போவதற்குக் கொஞ்சம் முதல் கிழவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடி இன்னும் இருக்கிறது. "கயிறு?" என்று கேட்டார்.

செரீனா, நான் அவருக்கு வள்ளம் சொன்னேன், மீன் சொன்னேன், கோயில் வேலை சொன்னேன். கயிறு என்ற சொல்லை என் வாயால் நான் அவருக்குச் சொன்னதே இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மற்றக் கையால் அவருடைய போர்வையைச் சரிசெய்தேன். பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டைத் துப்புரவாக்கி வெள்ளை அடித்துவிட்டார்கள். நாற்காலியைக் குப்பையில் போட்டார்கள். குடி இன்னும் வரவில்லை. ஆனால் மணிக்கு ஒரு தரம் குழாய் தட்டுகிறது. அமிர்தநாதருக்கும் கேட்கிறது. "போய் மனேச்சரிட்டைச் சொல்லுமன்" என்கிறார். பன்னிரண்டு தரம் சொன்னவன், பதின்மூன்றாம் தரம் போகவில்லை. கரண்டியை எடுத்துத் திருப்பித் தட்டுகிறேன்.

விமான ரிக்கற் எடுத்துவிட்டேன். இதை வாசித்த பிறகு வா என்றால் வருகிறேன். வேண்டாம் என்றாலும் உன்மேல் எனக்கு ஒரு சொட்டுக் குறையும் வராது.

நீ மார்ட்டினின் அப்பாவுக்கு இல்லை என்றது சரியில்லை. போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொல். அந்தக் கோபுரக்காரன் ஏன் ஓடினான் என்றும் என்னால் சொல்ல முடியும். கீழே அவனுக்கு ஒரு பிள்ளை இருந்திருக்கும்.

பதினொன்று பத்து. நாலு படகு. கயிறு என் கையில்தான் இருந்தது. கோபுரத்துக்கு வலப்பக்கம் உன் பள்ளிக்கூடம், இடப்பக்கம் துறையடி. அடித்தால் ஊரே ஓடும், அந்தச் சனத்தின் காலுக்குள் உன்னை எங்கே தேடுவேன் என்று ஒரு யோசனை வந்தது. முதலில் உன்னைப் பனங்கூடலுக்குள் இருத்திவிட்டு, வந்து அடிப்போம் என்று கயிற்றை விட்டேன். அம்மா துறையடிக்கு மீன் வாங்க வருவாள் என்று எனக்குத் தெரியும், பிள்ளை. காலையில் அவளிடம் பையை எடுத்துக் கொடுத்ததே நான். நான் திரும்பி வந்தபோது மணிக்கு வேலை இருக்கவில்லை.

அறுந்த கயிறு என்று பின்னேரம் ஊருக்குக் காட்டினேன். அறுகிற கயிறு நுனியில் சிலும்பி நிற்கும். அது சிலும்பாமல் நேராக இருந்தது. மீன்பிடிக்கிற ஊர், கயிறு தெரியாதவன் அங்கே ஒருவன் இல்லை. அமிர்தநாதரும்தான் நின்றார். எல்லாரும் பார்த்தார்கள். பதினொரு பெட்டிக்கு முன்னால் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

நீயும் செலீனும் சுகமாக இருங்கள். மார்ட்டினுக்கு என் அன்பு.

முத்தங்களுடன்,
அப்பா

ஞாயிற்றுக்கிழமை லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ கேட்டது தெளிவாகக் கேட்டது. எனக்குச் சொல்ல இருந்தது மூன்று சொல், நாக்கு வரைக்கும் வந்தது, போனை வைத்துவிட்டேன்: நான்தான் கயிற்றை வெட்டினேன்.